ஏற்கெனவே இறக்கியிருந்த பிடி

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் சாமியறைப் பல்ப் அணைந்தது. மணிக்கூட்டைப் பார்த்தவள் என் மனைவி. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சாமிக்கு முன்னால் எரிந்த வெளிச்சம் தானாகப் போனது அவளுக்கு மனதில் தைத்தது. அதனால் திரும்பி விறாந்தைச் சுவரில் நேரத்தைப் பார்த்திருக்கிறாள். நான் அப்போது கிணற்றடியில் நின்று தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி ரயிலில் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, வேலைக்குப் போக வேண்டியவன்.

பல்ப் போனது பெரிய விஷயமே இல்லை. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய பிறகு கடைகளில் பல்ப் கிடைப்பது அரிதாகிவிட்டதால், அலுமாரிக்குள் பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருந்தேன். குளித்துத் துவட்டிக்கொண்டு வந்து அதை மாட்டியிருப்பேன். அதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததை எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்து எழும்பிவிட்டேன்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பட்டணத்திலிருந்து வந்த கம்பி எங்கள் வாசல் படலைக்கு நேரே இருந்த கம்பத்தோடு நின்றது. அதற்கப்பால் எல்லா வீடுகளிலும் மண்ணெண்ணெய் இலாம்பு. முதலில் நாலு பல்ப் மாத்திரம் அதற்குரிய ஆள் வந்து போட்டுத் தந்தார். அவர் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு வீட்டு மின்சார வேலைகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வாங்கிப் படித்தேன். குசினிக்கு ஒரு பல்ப், மாட்டுக் கொட்டிலுக்கு ஒன்று, மகள் படிக்கிற மேசைக்கு ஒன்று என்று நானே கம்பி இழுத்தேன். எல்லாம் ஒழுங்காக எரிந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கரண்ட் எடுத்திருந்த மற்ற வீட்டுக்காரர்களும் சந்தேகம் கேட்க என்னிடம் வரத் தொடங்கினார்கள். பியூஸ் ஏன் அடிக்கடி உருகுகிறது, மழைக்குச் சுவர் ஏன் சுள்ளென்கிறது, தண்ணீர் சுடவைக்கிற கேத்தலைப் பல்ப் கொழுவுகிற இடத்தில் கொழுவலாமா. நான் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பதில் சொல்வேன். பியூஸ் உருகுகிறதென்று தடித்த கம்பி போட்டுவிடாதேயுங்கோ, அது காவல்காரனைக் கட்டிப்போடுகிற வேலை என்று ஊருக்குச் சொன்னவன் நான்.

பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர் இருந்தார். உறவுமுறை இல்லாவிட்டாலும் எனக்கு அவர் அண்ணை. அவர் மட்டும் என்னை விடமாட்டார்.

"தம்பி, மாட்டுக்கும் லைற் போட்டிட்டீர். அது இனிச் சோதனைக்குப் படிக்கப்போகுதோ?"

"பால் கறக்க வெளிச்சம் வேணும் அண்ணை."

"கறக்கிறது உம்மடை மனுசி. அவவைக் கேட்டனீரோ?"

மனைவியைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். கரண்ட் என்றால் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். விறாந்தைச் சுவரில் இரும்புப் பெட்டியாக இருந்த மெயின் சுவிச்சின் பிடியைக் கீழே இழுத்தால் வீடு முழுக்க நின்றுவிடும் என்று நான் காட்டிக் கொடுத்த பிறகுதான் அவள் கொஞ்சம் ஆறினாள். இடி முழங்கினால் பிடியை இறக்குவாள். இரவு சாப்பிட்டு முடிந்ததும் இறக்குவாள். யுத்த நாட்களில் வெளியே வெளிச்சம் தெரியக்கூடாது என்ற கட்டளை வந்தபோது, அவளுடைய வழக்கம் சட்டமாகவே ஆகிவிட்டது.

இனி அந்த விளக்கு. அது அவளுடைய சீதனத்தோடு வந்த பித்தளைத் தூக்கு விளக்கு. சாமியறைக் கூரை வளையிலிருந்து சங்கிலியில் தொங்கும். அவளுடைய தாய்வீட்டில் அது இரவும் பகலும் அணையாமல் எரிந்ததாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வைத்திருந்தாள். எண்ணெய் விட, திரி தூண்ட, காற்றடித்தால் ஓடிவர என்று அவள் படுகிற பாட்டைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விளக்குக்குள் நான் ஒரு சின்னப் பல்ப்பைப் பொருத்தினேன். பித்தளையில் துளை போட்டு, நூல் சுற்றிய இரட்டைக் கம்பியைச் சங்கிலி வளையங்களுக்குள்ளால் கோர்த்து இறக்கினேன். துளையின் விளிம்பு கம்பியை அறுக்காதபடி பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. மனைவியும் சிரித்தாள்.

ஆனால் இரவில் மெயினை இறக்கினால் அந்த விளக்கும் அணைந்துவிடும்.

"சாமியை இருட்டிலை விட்டிட்டு நாங்கள் படுக்கிறம்," என்று நாலைந்து நாள் சொன்னாள். "எண்ணெய் விளக்கெண்டால் என்ரை பாட்டிலை எரிஞ்சிருக்கும்."

சாமியறைக்கு யன்னல் இல்லை. வெளிச்சம் வெளியே தெரியாது. ஆகவே ஒருநாள், கம்பம் மாற்றுவதற்காக ஒழுங்கை முழுவதும் கரண்ட் நிறுத்தியிருந்த சமயம், நான் மெயின் பெட்டி பொருத்தியிருந்த பலகையைக் கழற்றி அந்த ஒரு கம்பியை மட்டும் மெயினுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொழுவினேன். மீட்டருக்குப் பிறகு, மெயினுக்கு முன்னால். களவில்லை, அதில் மிகக் கவனமாக இருந்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இனி நீர் பிடியை இறக்கினாலும் சாமி விளக்கு நிக்காது."

"நல்லது," என்றாள். அவ்வளவுதான். அந்த வசனத்துக்குள் வேறு என்ன இருக்கிறதென்று அவளும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேலாக அது எரிந்தது. எரிகிற விளக்கில் புளி போட்டு மினுக்கக்கூடாது, ஈரக்கை படக்கூடாது என்று நான் தடுத்து வைத்திருந்தேன். பித்தளை கறுத்துப்போனது. வெள்ளிக்கிழமைதோறும் மற்றப் பாத்திரங்கள் பளபளக்க, சாமிக்கு நேரே தொங்குகிற விளக்கு மட்டும் புகைபிடித்த சட்டி மாதிரி இருப்பது அவளுக்குப் பெரிய மனக்குறை.

அன்று காலை பல்ப் அணைந்ததும் அவள் நினைத்தது இதுதான்: விளக்குத் தானாகவே நின்றிருக்கிறது, அவர் வந்து புதுப் பல்ப் கொழுவ முதல் ஒருக்கால் மினுக்கி எடுத்துவிடலாம். அவள் அவசரப்படவில்லை. முதலில் போய் மெயின் பிடியை இறக்கினாள். வீடு முழுக்க நின்றது. விளக்கும் இருட்டு, மெயினும் இறக்கியாயிற்று. இதைவிட ஒரு மனுசி என்ன கவனம் எடுக்க முடியும்?

பிறகு மகளைக் கூப்பிட்டாள். மகளுக்கு அப்போது பதினேழு வயது. சாமி விளக்கைத் தொடுவதென்றால் முழுகியிருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. மனைவி அன்று இன்னும் முழுகவில்லை. மகள்தான் எனக்கு முன்னர் கிணற்றடிக்குப் போய் முழுகிவிட்டு, தலைமயிரில் தண்ணீர் சொட்ட, நனைந்த பாவாடையோடு வந்திருந்தாள். புளியைக் கரைத்துக் கோப்பையில் எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினாள்.

எனக்குக் கேட்டது முக்காலி விழுந்த சத்தம் மட்டுந்தான். மகள் கத்தவில்லை. கத்த முடிந்திருக்காது. முக்காலிச் சத்தத்துக்குப் பிறகு மனைவி மகளின் பெயரைச் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சாமியறை வாசலில் நின்று நான் கண்டதைச் சுருக்கமாகவே எழுத முடியும். மகளின் இரண்டு கைகளும் விளக்கைப் பிடித்திருந்தன. பிடித்திருந்தன என்பதைவிட, விளக்கு அவளைப் பிடித்திருந்தது. கால்விரல்கள் தரையில் முட்டி முட்டாமல் இருந்தன. சங்கிலி கலகலவென்று நடுங்கியது. மனைவி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளை அணைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"தொடாதையும்," என்றேன். "தொட்டால் ரெண்டு பேரும் போவியள்."

கை ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் அப்படி நின்றதுபோல நான் நின்றிருப்பேனோ தெரியாது.

பிறகு நான் செய்தது என் வாழ்நாளில் நான் செய்த முட்டாள்தனங்களில் பெரியது. மெயினை நிறுத்த விறாந்தைக்கு ஓடினேன். பெட்டிக்கு முன்னால் போய்க் கையை உயர்த்தினேன். பிடி ஏற்கெனவே கீழே இருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கவில்லை. பிடி கீழே இருக்கிறது, மகள் அங்கே நடுங்குகிறாள், இது எப்படி? பிறகு விளங்கியது. பலகைக்குப் பின்னால் நானே கொழுவிய கம்பி மனக்கண்ணில் தெரிந்தது. அந்த வீட்டில் அதை நிறுத்துவதற்கு ஒரு சுவிச்சும் இல்லை. நிறுத்தக்கூடாது என்றுதானே செய்தேன்.

திரும்பி ஓடும்போது, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த ஒன்று ஞாபகம் வந்தது. காய்ந்த மரப்பலகையில் ஏறி நில், காய்ந்த துணியால் இழு. நான் கிணற்றடியிலிருந்து வந்தவன், உடம்பெல்லாம் தண்ணீர். குசினிச் சுவரில் சாத்தியிருந்த மணைப்பலகையையும், நெல் அளந்து கொட்டிய வெறும் சாக்கையும் எடுத்தேன். பலகையைச் சாமியறைத் தரையில் போட்டு அதில் ஏறி நின்று, சாக்கை மகளின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் முறுக்கிப் பிடித்து என் முழுப் பாரத்தோடும் பின்னால் சாய்ந்தேன்.

முதல் தடவை அவள் வரவில்லை. இரண்டாம் தடவை சங்கிலி கொளுக்கியிலிருந்து கழன்று, விளக்கும் அவளும் நானும் ஒன்றாக வாசற்படியில் விழுந்தோம். கம்பி அறுந்து அதன் முனை வளையிலிருந்து தொங்கி ஆடியது. மகளை இழுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து, சாமியறைக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன்.

அவள் மூச்சு விடவில்லை.

யுத்தத்தினால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, கச்சேரியில் எங்கள் எல்லோருக்கும் கட்டாயமாகக் கொடுத்த முதலுதவிப் பயிற்சி. அப்போது அதைப் பகிடியாகத்தான் எடுத்தோம். மேசையில் ஒரு தடித்த எழுதுவினைஞரைக் குப்புறக் கிடத்தி, முதுகில் அமத்திப் பழகினோம். இப்போது என் மகளைக் குப்புறக் கிடத்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, விலாவில் இரண்டு கையையும் வைத்து அமத்தினேன். அமத்து, விடு. அமத்து, விடு. எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு அண்ணை வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தார். படியில் புளி பூசியபடி கிடந்த விளக்கைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, மண்ணிலை கிடத்துவம். கரண்டை மண் இழுத்துப்போடும்."

"அது உடம்புக்குள்ளை இல்லை அண்ணை. மூச்சுத்தான் வேணும். டாக்குத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அறுபது வயதைத் தாண்டியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எத்தனையாவது தடவை அமத்தியபோது என்று தெரியாது. மகளின் தொண்டையில் ஒரு கரகரப்பு வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு இன்னொன்று. பிறகு மூச்சு, நொண்டுகிற மாதிரி, வந்து நின்று வந்தது. மனைவி அவள் காலடியில் இருந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கூடு ஆறரையைத் தாண்டியிருந்தது.

மூச்சு வந்துவிட்டது, ஆனால் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. வலது கை மூடியபடியே இறுகியிருந்தது. விரல்களுக்குள் வெள்ளையாக வெந்த தோல் தெரிந்தது. திறக்கப் பயமாக இருந்தது.

ஏழு மணியாகியது. டாக்குத்தர் வரவில்லை. அண்ணையும் வரவில்லை. பக்கத்து ஒழுங்கைப் பெடியன் ஒருவன் படலையில் நின்று செய்தி சொல்லிப் போனான். டாக்குத்தர் விடியவே ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் புத்தூருக்குப் போய்விட்டாராம், அண்ணை சைக்கிளிலேயே அங்கே போகிறாராம். புத்தூர் கிட்டிய தூரமில்லை. மகளின் மூச்சை எண்ணியபடி இருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் பிறகு அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

மனைவி அப்போதுதான் கதைக்கத் தொடங்கினாள். என்னைப் பார்த்தல்ல, மகளின் காலைப் பார்த்து.

"நான் நிப்பாட்டினனான். முழுக்க இழுத்தனான் எண்டுதான் நினைக்கிறன். ஒருவேளை அரைவாசிதான் இழுத்தனோ. கை வழுக்கிச்சுதோ. நான் திரும்பிப் பாத்திருக்க வேணும்."

நான் மகளின் முகத்திலிருந்து ஈரமயிரை ஒதுக்கினேன்.

"என்ரை பிள்ளையை நானே ஏத்தி விட்டன். மினுக்கு எண்டு நானே சொன்னன். ஐயா வரட்டும் அம்மா எண்டு சொன்னவள். நான்தான் கேக்கேல்லை."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதுவதற்காகத்தான் இத்தனை பக்கங்களும். மகளின் உயிர் அந்த விறாந்தையில் போவதா நிற்பதா என்று இருந்தபோது, என் மனதின் ஒரு மூலை வேறு கணக்குப் பார்த்தது. நான் அன்று சொன்ன வசனத்தின் பொருள் இவளுக்குத் தெரியாது. பலகைக்குப் பின்னால் பார்க்க இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் போய்விட்டால், அந்தப் பழியை இவள் தானாகவே எடுத்துக்கொள்வாள். கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் தலையைக் குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். பிடியை இறக்கிய கை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீர் சரியாத்தான் நிப்பாட்டினீர்," என்றேன்.

"என்ன?"

"பிடி முழுக்கக் கீழைதான் இருந்தது. நான் போய்ப் பாத்தனான். அந்த விளக்கு மாத்திரம் பிடியாலை நிக்காது. இரவிலையும் எரியட்டும் எண்டு நான் அப்பிடிச் செய்து வைச்சனான். பல்ப் போனாலும் கம்பியிலை கரண்ட் நிண்டது. உம்மிலை ஒரு பிழையும் இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது ஏச்சு. "மற்றக் காலைத் தேயுங்கோ, குளிர்ந்துபோய்க் கிடக்கு," என்றாள்.

நான் தேய்த்தேன். ஆளுக்கொரு காலாக இருவரும் இருந்து தேய்த்தோம். எட்டு மணி ரயில் கொக்குவில் ஸ்ரேசனில் நின்று போகிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் மகளின் கண் திறந்தது. திறந்ததே தவிர, எங்களைக் காணவில்லை. வளையைப் பார்த்தபடி கிடந்தாள். மனைவி குனிந்து, "பிள்ளை, அம்மா இருக்கிறன்," என்றாள். கண் அசையவில்லை. நான் கூப்பிட்டேன். அதற்கும் இல்லை. உயிர் திரும்பி வந்து, ஆள் திரும்பி வராமல் போவதும் உண்டென்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை மனைவிக்குச் சொல்லவில்லை. அந்த ஒன்றை மறைத்ததற்காக நான் வெட்கப்படவில்லை.

பூட்டிய சாமியறைக்குள் அந்தக் கம்பி இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் ஆட்கள் பதினொரு மணிக்குத்தான் வந்து கம்பத்தில் ஏறி அறுத்தார்கள். என் சைக்கிள் ரியூப் துண்டு எடுத்த எடுப்பில் கையில் பொடியாக உதிர்ந்தது; அந்த இடத்தில்தான் கம்பி பித்தளையில் முட்டியிருந்தது. அதெல்லாம் பிறகு.

எட்டரைக்குக் கிட்ட ஒழுங்கையில் காரின் சத்தம் கேட்டது. டாக்குத்தர் இறங்கினார். பின் ஆசனத்திலிருந்து அண்ணை இறங்கினார், சேட்டெல்லாம் புழுதி. சைக்கிளைப் புத்தூரில் யாரோ வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

டாக்குத்தர் சப்பாத்தையும் கழற்றாமல் மகளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். நாடி பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இமையைத் தூக்கிப் பார்த்தார். என்ன நடந்ததென்று அண்ணை காரிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. மகளின் முகத்துக்கு நேரே குனிந்து, சந்தையில் சந்தித்த ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"என்ன பிள்ளை, விளக்கு மினுக்கி முடிஞ்சுதே?"

மகளின் கண் மெதுவாக வளையிலிருந்து இறங்கி அவர் முகத்துக்கு வந்தது. உதடு இரண்டு தடவை அசைந்தது.

"இல்லை," என்றாள். "ஒரு பக்கந்தான்."

மனைவி சீலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்தினாள்.

டாக்குத்தர் மகளின் வலது கையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் திறந்தார். அவள் முனகினாள். "நோகுதெண்டால் நல்லது," என்றார். மருந்து பூசிச் சீலை சுற்றிக் கட்டினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"தலை சரி. நெஞ்சும் சரி. ரெண்டு நாளைக்கு எழும்பி நடக்க விடாதையுங்கோ. ரெண்டு விரல் கன நாளைக்கு விறைச்சுக் கிடக்கும். பேனை பிடிக்கப் பிந்தும், ஆனால் பிடிப்பா." பையை மூடிக்கொண்டே கேட்டார். "ஆர் பிள்ளைக்கு மூச்சு வர அமத்தினது?"

"இவர்தான்," என்றாள் மனைவி.

"அந்த விளக்குக்கு வயர் ஆர் இழுத்தது?"

"அதுவும் இவர்தான்."

டாக்குத்தர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கிணற்றடியில் கட்டிய ஈரத் துவாய் இன்னமும் என் இடுப்பில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிறகு மனைவியிடம் திரும்பிச் சொன்னார்:

"அம்மா, இவரைப் பிடிச்சு அந்தக் கதிரையிலை இருத்துங்கோ. கொஞ்சம் சுடுதண்ணி குடுங்கோ. நிண்டபடி விழப்போறார்."